காதுல மேப் பேசட்டும், போன் பேச வேண்டாம்

மேடவாக்கத்துல இருந்து பெரும்பாக்கம் வழியா சோழிங்கநல்லூருக்கு இனிமே தினமும் ஸ்கூட்டர்லதான் வேலைக்குன்னு சொன்ன. மெட்ரோ வேலைக்காக எங்க ரோட்டை அடைச்சிருக்காங்க, எங்க திருப்பி விட்டிருக்காங்கன்னே தெரியல, ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ப்ளூடூத் ஹெட்செட் மாட்டிக்கவா, எதை வாங்கன்னும் கேட்டிருந்த. தாராளமா மாட்டிக்கோ. வழி தெரியாம வண்டியை ஓட்டிக்கிட்டே போனை எட்டிப் பார்க்கறதை விட, காதுல ஒரு குரல் "இடதுபுறம் திரும்பவும்"னு சொல்றது எவ்வளவோ மேல்.

ஆனா எந்த ஹெட்செட்ங்கறது எனக்கு அப்புறம் வர்ற கேள்விதான். முதல்ல உன் ஹெல்மெட் எப்படி இருக்குன்னு பார்க்கணும். ரெண்டாவது, அந்த ஹெட்செட்டுல எதைக் கேப்ப, எதைக் கேக்கமாட்டன்னு வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். இந்த ரெண்டும் சரியா இருந்தா விலை குறைஞ்ச ஹெட்செட்டே உனக்குப் போதும்.

முதல்ல ஹெல்மெட்

ஹெல்மெட்டைக் கையில எடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதோட ஐ.எஸ். 4151ங்கற எண்ணும் இருக்கான்னு பாரு. 2021 ஜூன் 1-ல இருந்து அந்த முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை நம்ம நாட்டுல தயாரிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. ஆனாலும் ரோட்டோரத்துல தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. உன்னோடது அந்த ரகம்னா, ஹெட்செட்டுக்கு வெச்சிருக்கற காசை முதல்ல நல்ல ஹெல்மெட்டுல போடு. முகவாயையும் சேர்த்து மூடற ஃபுல் ஃபேஸா வாங்கு. வெயில்ல புழுங்கும்தான். ஆனா வண்டியில இருந்து விழறவங்களுக்கு முகமும் தாடையும் எப்படி அடிபடும்னு ஆஸ்பத்திரியில ஒரு தடவை பார்த்தவங்க திறந்த ஹெல்மெட்டைத் தொடமாட்டாங்க.

அடுத்து, உள்ள கன்னத்தை ஒட்டி இருக்கற பஞ்சைக் கழட்டு. பிளாஸ்டிக் பட்டன்லதான் நிக்கும். துணியைப் பிடிச்சு இழுத்தா கிழியும். விரலைப் பஞ்சுக்குப் பின்னாடி விட்டு, பட்டன் இருக்கற இடத்துல நெம்பினா 'டக் டக்'னு விட்டுக் கொடுக்கும். பஞ்சு வந்ததும் உள்ள தெர்மாகோல் தெரியும். காது வர்ற இடத்துல வட்டமா ஒரு பள்ளம் இருக்கா? அதுதான் ஸ்பீக்கர் உட்காரப் போற இடம். ஹெல்மெட் ஸ்பீக்கர் பொதுவா 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு ஸ்கேலை வெச்சு அளந்துக்கோ. அகலத்தை மட்டும் பார்க்காத, ஆழமும் முக்கியம். ஸ்பீக்கர் பள்ளத்துல இருந்து வெளியே துருத்திக்கிட்டு நின்னா அரை மணி நேரத்துல காது மடல் வலிக்க ஆரம்பிச்சுரும்.

பள்ளமே இல்லாத ஹெல்மெட்டும் உண்டு. அப்போ கடையில, "பிளேடால லேசா சுரண்டி செட் பண்ணித் தர்றேன் மேடம்"னு சொல்வாங்க. கூடவே கூடாது. தேங்காய்க்கு மட்டை எப்படியோ அப்படித்தான் தலைக்கு அந்த தெர்மாகோல். அடி விழுந்தா அது நசுங்கணும். அது நசுங்கற அந்த நொடிக்குள்ளதான் மண்டைக்கு வர்ற வேகம் குறையுது. காதுக்குப் பக்கத்துல சுரண்டி எடுத்தா, பக்கவாட்டுல விழும்போது அங்க நசுங்க எதுவும் இருக்காது. அதே மாதிரி வெளி ஓட்டுல ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கறதும் வேண்டாம். ஓட்டை இருக்கற இடத்துல இருந்துதான் விரிசல் ஓடும். ஐரோப்பாவுல இப்போ இருக்கற ஹெல்மெட் விதி 22.06, அந்த ஹெல்மெட்டுக்குன்னே கம்பெனி செஞ்ச துணைப் பொருளை மாட்டின நிலையிலயும் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுது. மாட்டற பொருளும் விபத்துல ஒரு பங்கு வகிக்கும்ங்கறதை அவங்க அவ்வளவு பெருசா எடுத்துக்கறாங்க. நாம வீட்டுல உக்காந்து மாட்டும்போது நமக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கணும்.

எதை வாங்கறது

உன்கிட்ட ஏற்கெனவே காதுக்குள்ள வைக்கற குட்டி இயர்பட்ஸ் இருக்கு, அதையே போட்டுக்கிட்டா என்னன்னு நினைப்ப. நினைக்காத. ஹெல்மெட்டைத் தலையில ஏத்தும்போதே அது இடம் மாறும், இல்ல கழண்டு உள்ளயே விழும். ஓடற வண்டியில ஒரு பக்கம் கழண்டுட்டா கை தானா ஹெல்மெட்டுக்குள்ள போகும். விழுந்தா அந்தக் கெட்டி பிளாஸ்டிக் காது ஓட்டைக்குள்ள அழுந்தும். எல்லாத்துக்கும் மேல, அது காதை அடைக்குது. வெளிச்சத்தத்தை அமுக்கற நாய்ஸ் கேன்சலிங் வேற இருந்துட்டா, பின்னாடி வர்ற தண்ணி லாரியோட ஹாரன்கூட தூரத்துல எங்கயோ கேக்கற மாதிரிதான் இருக்கும். ஹெல்மெட் ஸ்பீக்கர் காதை அடைக்காது, காதுக்கு வெளியே நின்னு பேசும். அதுக்காகத்தான் தனியா ஒண்ணு வாங்கச் சொல்றேன்.

இன்னொரு வழக்கம் உண்டு, போனையே ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவுல செருகிக்கிட்டுப் போறது. நம்ம தெருவுலயே தினமும் பார்க்கற. ஒரு பக்கம் காது முழுசா அடைஞ்சுரும், ஹெல்மெட் தலையில நேரா உக்காராது, போன் நழுவினா அதைப் பிடிக்கத்தான் கை போகும். நம்ம தம்பி பார்ட் டைமா சாப்பாடு டெலிவரிக்குப் போறானே, அவன் இதைத்தான் பண்றான். அவன்கிட்டயும் சொல்லு. கஸ்டமர் கூப்பிட்டா ஓரமா நிறுத்திட்டுப் பேசினா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

ப்ளூடூத் உள்ளயே வெச்சு வர்ற ஹெல்மெட்டும் கிடைக்குது. பார்க்க நல்லா இருக்கும், வயர் எதுவும் தெரியாது. ஆனா ஹெல்மெட் ஒரு பெரிய அடி வாங்கினாலோ பழசானாலோ மாத்தியே ஆகணும். அப்போ ஹெட்செட்டும் சேர்ந்து போயிரும். பேட்டரி செத்தா மாத்தறதும் கஷ்டம். அதனால தனியா கிளிப் போட்டோ ஒட்டியோ மாட்டற ரகத்தை வாங்கு. இதுல ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து பல ஆயிரம் வரைக்கும் இருக்கு. கார்டோ, சேனா மாதிரி வெளிநாட்டு கம்பெனிகள், பெங்களூரோட ப்ளூஆர்மர் எல்லாம் பேர் பெற்றது. அதுல பாதி விலை, வண்டிக்கு வண்டி பேசிக்கற இன்டர்காம் வசதிக்காக. கூட்டமா பைக்ல லடாக் போறவங்களுக்கு அது தேவை. உனக்கு எதுக்கு? நீ தனியா ஆபீஸ் போற. மைக் எவ்வளவு நல்லதுன்னு கடைக்காரர் பெருசா பேசுவார். ஓட்டும்போது நீ பேசவே போறதில்ல, அதனால அதுக்கும் அதிகமா கொடுக்காத.

உனக்கு வேண்டியது இவ்வளவுதான். பட்டன் பெருசா, மேடு பள்ளமா, கிளவுஸ் போட்ட விரலுக்கும் தடவினாலே தெரியற மாதிரி இருக்கணும். தண்ணி தாங்கணும். பெட்டியில ஐ.பி.ன்னு போட்டு ரெண்டு எண் இருக்கும்; முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. 67-ன்னா தூசி போகாது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ரெண்டாவது எண் 4-ன்னா சாரல், தெளிப்பு தாங்கும், அவ்வளவுதான். நவம்பர்ல பள்ளிக்கரணைப் பக்கம் வண்டி ஓட்டற உனக்கு 5-க்குக் கீழ வேண்டாம். அப்புறம், தானாவே போன் எடுக்கற ஆட்டோ ஆன்சர் வசதி இருக்கும், குறிப்பா விலை குறைஞ்சதுல. அதை அணைக்க முடியுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளு. அணைக்க முடியாதுன்னா அந்த மாடலை விட்டுரு. லாரியை ஓவர்டேக் பண்ணிக்கிட்டிருக்கும்போது நீ கேக்காமலே ஒருத்தர் காதுல வந்து "ஹலோ"ன்னு ஆரம்பிக்கறது ரொம்ப ஆபத்து.

மாட்டற விதம்

இதுல அவசரப்படாத, ஒரு ஞாயித்துக்கிழமை மதியத்தை இதுக்கு ஒதுக்கு. வாங்கினவங்க நிறைய பேர் "சத்தமே பத்தல"ன்னு சொல்றதுக்குக் காரணம் ஹெட்செட் இல்ல, ஸ்பீக்கர் காதுக்கு நேரா இல்லாததுதான். ஒரு விரக்கடை தள்ளி இருந்தாலே சத்தம் நல்லாக் குறைஞ்சுரும். உடனே வால்யூமைக் கூட்டுவாங்க. அங்கதான் வினையே ஆரம்பிக்குது.

காது ஓட்டை எங்க வருதுன்னு கண்டுபிடிக்க ஸ்டிக்கர் பொட்டு போதும். பஞ்சை மறுபடி மாட்டி ஹெல்மெட்டைப் போட்டு, ஸ்ட்ராப்பையும் கட்டிக்கோ. ஆள்காட்டி விரல் நுனியில பெரிய பொட்டு ஒண்ணை, பசை வெளிப்பக்கம் பார்க்கற மாதிரி வெச்சு, கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவுல கீழ இருந்து மெதுவா விடு. விரல் நகம் காது ஓட்டையைத் தொடற இடத்துல, வெளிப்பக்கமா அழுத்தி பொட்டை உள் துணியில ஒட்டிரு. ரெண்டு பக்கமும் தனித்தனியா பண்ணு. ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கும்னு நினைக்காத. ஹெல்மெட்டைக் கழட்டிப் பார்த்தா பொட்டு சொல்ற இடமும் நாம நினைச்ச இடமும் வேற வேறயா இருக்கும். பெரும்பாலும் காது நாம நினைக்கறதை விடக் கொஞ்சம் கீழயும் பின்னாடியும்தான் இருக்கும். ஸ்பீக்கரோட நடுமையம் அந்தப் பொட்டு மேல வரணும்.

பெட்டியில வர்ற வெல்க்ரோ வட்டத்தைப் பள்ளத்துல ஒட்டி, அது மேல ஸ்பீக்கரை வை. பள்ளம் ரொம்ப ஆழமா இருந்தா பின்னாடி ஒரு மெல்லிசு பஞ்சு வட்டம் வெச்சு முன்னாடி கொண்டு வா. காதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கணும், ஆனா அழுத்தக் கூடாது. வயரைத் துணிக்குப் பின்னாடியே ஓட்டு. பட்டன் மேல வயர் வந்தா பஞ்சை அழுத்தும்போது நசுங்கி, நாலு மாசத்துல ஒரு பக்கம் ஊமையாயிரும். கழுத்து ஸ்ட்ராப் வர்ற வழியில வயர் எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. மாட்டி முடிச்சதும் ஸ்ட்ராப்பை ஒரு தடவை இழுத்துப் பாரு, பழையபடி தாராளமா நகரணும்.

மெயின் யூனிட்டை இடது பக்கம் வை. வலது கை ஆக்ஸிலரேட்டர்ல இருக்கு, அதை எடுக்கவே கூடாது. ஒட்டறதுக்கு முன்னாடி ஹெல்மெட்டோட வெளிப்பக்கத்தை ஈரத்துணியில சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சு, காயவெச்சு ஒட்டு. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் ஹெல்மெட் மேல காட்டாத. பிளாஸ்டிக் ஓடு வெளியில பளபளன்னு இருந்தாலும் உள்ளுக்குள்ள பலம் போயிரும். ஒட்டின பசை பிடிக்க ஒரு ராத்திரி அப்படியே விட்டுரு.

மைக்கைப் பத்தி ஒரே வார்த்தை: ஃபுல் ஃபேஸ்னா வயரோட வர்ற குட்டி பட்டன் மைக், முகவாய்க்கு உள்பக்கம் வாய்க்கு நேரா, திறந்த ஹெல்மெட்னா கம்பி மாதிரி நீண்டு வர்ற மைக். அதோட பஞ்சு உறையைத் தொலைச்சுராத, காத்து இரையறதைத் தடுக்கறது அதுதான்.

நமக்குன்னு சில விஷயம் இருக்கு, இதை கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். ஜிமிக்கி, தொங்கட்டான் எல்லாம் ஆபீஸ் போய் மாட்டிக்கோ. தோடுகூட, பின்னாடி திருகாணி நீளமா இருந்தா ஸ்பீக்கர் அழுத்தி காதுக்குப் பின்னாடி குத்தும். கொண்டையும் பெரிய கிளிப்பும் ஹெல்மெட்டை முன்னாடி தள்ளிரும். ஸ்பீக்கரும் காதை விட்டு நகரும், அதை விட மோசம், ஹெல்மெட் நெத்தியை விட்டு எழும்பும். தாழப் பின்னல் போட்டுக்கோ. தலைக்கு எண்ணெய் வெச்சுக் கிளம்பற நாள்ல மெல்லிசா ஒரு காட்டன் துணியைத் தலையில கட்டிக்கிட்டு ஹெல்மெட் போடு. இல்லன்னா தேங்காய் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து ஸ்பீக்கர் மேல இருக்கற பஞ்சுல ஏறி, அது பிசுபிசுன்னு கறுத்து, சத்தம் மந்தமாயிரும். துப்பட்டாவை முகத்துல சுத்தறப்ப காதுக்குக் கீழயோட நிறுத்திக்கோ. காது மேல ரெண்டு சுத்து சுத்திட்டு ஸ்பீக்கர் கேக்கலைன்னா அது ஸ்பீக்கரோட குத்தம் இல்ல. துப்பட்டா நுனியை உள்ள செருகறது உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி

போனோட ஜோடி சேர்க்கறது சுலபம். ஆனா காலையில அவசரத்துல ஒரு தொல்லை வரும்: கைப்பையில இருக்கற இயர்பட்ஸ் டப்பா லேசா திறந்திருந்தாலே போன் போய் அதோட சேர்ந்துக்கும், ஹெல்மெட் ஊமையா இருக்கும். அதனால வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி மேப்புல ஒரு சோதனைச் சத்தம் போட்டுக் கேட்டுக்கோ. கூகுள் மேப்ஸ் அமைப்புல ப்ளூடூத் வழியா குரல் வரணும்ங்கற ஆப்ஷன் ஆன் ஆகியிருக்கணும். மொழியைத் தமிழுக்கு மாத்திக்கோ. பைக் படம் போட்ட டூவீலர் வழியைத் தேர்ந்தெடு. அது 2017 டிசம்பர்ல நம்ம நாட்டுலதான் முதல்ல வந்தது. நாம போற சந்துகளுக்கும் நம்ம வேகத்துக்கும் கார் வழி சரிப்பட்டு வராது.

பல ஹெட்செட்ல ஒரு குறை உண்டு. கொஞ்ச நேரம் எதுவும் பேசாம இருந்துட்டு மேப் திடீர்னு பேசும்போது முதல் ஓரிரு சொல் விழுங்கப்பட்டுரும். "இடதுபுறம்" போயி வெறும் "திரும்பவும்" மட்டும் வரும். எந்தப் பக்கம்னு தெரியாம முழிக்கக் கூடாது. இதுக்கு வழி, பின்னணியில ரொம்ப மெலிசா வீணையோ நாதஸ்வரமோ ஏதாவது ஒண்ணு ஓடட்டும். இணைப்பு விழிச்சுக்கிட்டே இருக்கும். பாட்டு கரகரன்னு ரேடியோ மாதிரி கேட்டா, ஹெட்செட் போன் பேசற முறையில மாட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிரும்.

போன் எங்க இருக்கணும்? முதல் சில வாரம் பைக்குள்ளயோ டிக்கியிலயோ வெச்சுட்டுக் குரலை மட்டும் நம்பிப் பழகு. ஸ்க்ரீன் எதிர்ல இருந்தா கண் அங்கதான் போகும். ஒரு திருப்பம் தவறினா தவறட்டும், மேப் வேற வழி சொல்லும்.

எவ்வளவு சத்தம்

வண்டி நின்னுக்கிட்டு இன்ஜின் ஓடறப்ப, ஹெல்மெட் போட்டபடி, பக்கத்துல நிக்கறவங்க சாதாரணமா பேசறது உனக்குக் கேக்கணும். மேப் குரலை அந்த அளவுக்கு வெச்சுக்கோ. ஓடும்போது காத்து இரைச்சல்ல கேக்கலையா, கண்ணாடியை இறக்கு, வேகத்தைக் குறை. வால்யூமைத் தொடாத.

காரணம் சொல்றேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தம் மட்டுமே 100 டெசிபலை ஒட்டி வந்துரும். நீ அவ்வளவு வேகம் போகமாட்ட, ஆனா ஸ்கூட்டர் வேகத்துலயும் அது சின்னச் சத்தம் இல்ல. அதை அமுக்கற மாதிரி பாட்டு வெச்சா ரெண்டும் சேர்ந்து காதுல இறங்கும். 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆயிட்டா வாரத்துக்கு 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பத்து டெசிபல் கூடினதுக்கு நேரம் பத்துல ஒண்ணாயிருச்சு பார்த்தியா? தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் ஓட்டற உனக்கு இது சின்ன விஷயம் இல்ல. காது நரம்பு போனா திரும்ப வராது. வண்டியை நிறுத்தின பிறகு காதுக்குள்ள 'ஙொய்'னு கேட்டா அன்னைக்கு சத்தம் அதிகம்னு தெரிஞ்சுக்கோ.

ஒரு பக்கம் ஸ்பீக்கர் மட்டும் போதும்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரெண்டு காதுலயும் கேட்டா குறைஞ்ச சத்தமே போதும்; ஒரு காதுக்கு மட்டும்னா அதைக் கூட்டத்தான் தோணும்.

ரோடு உனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும் பாப்பா. பஸ் ஸ்டாப்புல ஒதுங்கற மாநகர பஸ்ஸோட ஏர் பிரேக் 'புஸ்'ஸுங்கறது, இடது பக்கமா நுழையற ஷேர் ஆட்டோவோட தடதடப்பு, எங்கயோ பின்னாடி கிளம்பற ஆம்புலன்ஸ் சைரன். உன் வண்டியும்தான். டயர்ல ஆணி ஏறினா 'டிக் டிக்'னு சொல்லும், பிரேக் ஷூ தேய்ஞ்சா உரசற சத்தம் வரும். கண்ணாடியில தெரியறதுக்கு முன்னாடி காதுக்கு வந்துர்ற விஷயம் நிறைய. அதெல்லாம் கேக்காத அளவுக்கு எந்தப் பாட்டும் நல்லா இல்ல.

போன்ல பேசறது

இதுதான் நான் உன்கிட்ட கெஞ்சிக் கேக்கற விஷயம். "கையில பிடிக்கலையே, ஹெல்மெட்டுலதானே பேசறேன்"னு எல்லாரும் சொல்றாங்க. கை சும்மா இருந்தா போதும்னு நினைக்கறாங்க. 2001-ல அமெரிக்காவோட யூட்டா பல்கலைக்கழகத்துல ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. வண்டி ஓட்டற மாதிரியான ஒரு வேலையைக் கொடுத்து, நடுநடுவே சிவப்பு சிக்னல் காட்டினாங்க. போன்ல உரையாடினவங்க சிக்னலைத் தவறவிட்டது ரெண்டு மடங்குக்கு மேல கூடுச்சு, பார்த்தவங்களும் தாமதமாத்தான் பிரேக் போட்டாங்க. போன் கையில இருந்தாலும் சரி, ஹேண்ட்ஸ் ஃப்ரீயா இருந்தாலும் சரி, வித்தியாசமே இல்ல. ஆனா ரேடியோ கேட்டவங்களுக்கு அந்தக் குறை வரல. அதாவது கேக்கறது வேற, பதில் சொல்றது வேற. பதில் யோசிக்கற மூளைக்கு எதிர்ல இருக்கறது கண்ணுல பட்டும் பதியாது. 2011-ல அமெரிக்காவோட தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஹேண்ட்ஸ் ஃப்ரீயையும் சேர்த்தே தடை பண்ணணும்னு மாநிலங்களுக்குப் பரிந்துரைச்சது.

பின் சீட்டுல உக்காந்து பேசற ஆளு வேற. அவங்களுக்கும் ரோடு தெரியும், மாடு குறுக்கே வந்தா பேச்சு தானா நிக்கும். போன்ல மறுமுனையில இருக்கற உன் மேனேஜருக்கு மாடு தெரியாது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோ. 2019 திருத்தத்துக்கு அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல, கையில பிடிக்கற தகவல் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்தறது ஆபத்தான ஓட்டுதல்ல சேருது. முதல் தடவைக்கே 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 1,000-ல இருந்து 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2020 அக்டோபர் 1-ல இருந்து, வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத மாதிரி பயன்படுத்தலாம்னு விதியில சேர்த்திருக்காங்க. ஹெல்மெட்டுல பேசினா 'கையில பிடிச்சது' ஆகாதேன்னு வாதம் பண்ணலாம். ஆனா ஆபத்தா ஓட்டறதே அந்தப் பிரிவுல குத்தம்தான். பேசிக்கிட்டே சிக்னலைத் தாண்டினா எந்த வாதமும் நிக்காது.

அம்மாவை எப்படிச் சமாளிக்கறதுன்னு கேப்ப. கிளம்பும்போது "கிளம்பிட்டேன்", போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன்"னு ரெண்டு மெசேஜ் போட்டுரு. நடுவுல எடுக்கமாட்டேன்னு வீட்டுலயும் ஆபீஸ்லயும் முன்கூட்டியே சொல்லி வை. போன்ல தொந்தரவு செய்யாதேன்னு ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டுட்டா கால், வாட்ஸ்அப் குரூப் 'டிங் டிங்' எதுவும் காதுக்கு வராது, மேப் மட்டும் பேசும். அதுலயே, ஒருத்தரே திரும்பத் திரும்பக் கூப்பிட்டா மட்டும் விடுன்னு சொல்லலாம். ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள, ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். அம்மாகிட்ட, "நிஜமாவே அவசரம்னா அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிடு"ன்னு சொல்லிடு. அப்போ உன் காதுல மணி அடிச்சாலே அது முக்கியம்னு உனக்குத் தெரியும். இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, ஸ்டாண்டு போட்டு, அப்புறம் எடு. மேம்பாலத்து மேலயோ வளைவுலயோ நிறுத்தாத.

மழை, வெயில், சார்ஜ்

சார்ஜ் போடற துளைக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது மூடியிருந்தாத்தான் பெட்டியில போட்ட ஐ.பி. எண்ணுக்கு மதிப்பு. மழையில நனைஞ்சு வந்த அன்னைக்கு துடைச்சு, காத்தாட வெச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு சார்ஜ் போடு. ஹேர் டிரையர் காட்டாத.

ஆபீஸ் பார்க்கிங்ல வெயில்ல ஹெல்மெட்டைக் கண்ணாடியில மாட்டிட்டுப் போகாத. உள்ள இருக்கறது லித்தியம் பேட்டரி, அதுக்குச் சூடு ஆகாது. டிக்கியிலயும் இன்ஜின் சூடு ஏறும். யூனிட் மட்டும் கழண்டு வர்ற ரகம்னா கழட்டிக் கைப்பையில போட்டுக்கோ, திருட்டும் போகாது. சார்ஜுக்குச் சாதாரண 5 வோல்ட் சார்ஜர் போதும். யூனிட் லேசா உப்பின மாதிரியோ, மூடி சரியா பொருந்தாத மாதிரியோ தெரிஞ்சா அன்னையோட நிறுத்திரு, தலைக்குப் பக்கத்துல வைக்கற பொருள் அது. பவர் பேங்க்ல செருகிக்கிட்டே ஓட்டறது எந்த நாளும் வேண்டாம்.

மாசத்துக்கு ஒரு தடவை ஹெல்மெட் பஞ்சைத் துவைப்ப இல்ல, அப்போ ஸ்பீக்கரையும் மைக்கையும் வெல்க்ரோவுல இருந்து எடுத்துட்டுத் துவை. வயர் எந்த வழியா ஓடுதுன்னு கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ, திரும்ப மாட்டறப்ப தேடவேண்டாம்.

ஹெல்மெட் கைதவறி மேஜையில இருந்து விழுந்ததுக்கெல்லாம் பயப்படாத. ஆனா தலையில இருக்கும்போது ரோட்டுல ஒரு அடி வாங்கிட்டா, வெளியில கீறல்கூட இல்லாட்டியும் அந்த ஹெல்மெட்டோட வேலை முடிஞ்சது. தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும். ஹெட்செட்டை மட்டும் எடுத்துக்கோ. ஒட்டின யூனிட்டைக் கத்தியால நெம்பாத; கனமான தையல் நூலையோ மீன் பிடிக்கற நரம்பையோ அடியில விட்டு, ரம்பம் அறுக்கற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தா பசை விட்டுரும். புது டபுள் சைடு டேப் போட்டு அடுத்த ஹெல்மெட்டுல ஒட்டு. அங்கயும் முதல் வேலை, பொட்டு வெச்சுக் காது எங்கன்னு பார்க்கறதுதான்.